துண்டு போட்டு அளந்த மானிட்டர்

பெரிய சைஸ் வாங்கினால் நஷ்டமில்லை என்று நம்பும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, சரியான அளவில் எதுவுமே அமையாது. என் பள்ளிச் சீருடை எல்லாம் அடுத்த வகுப்புக்கும் சேர்த்துத் தைத்தவை. செருப்புக்குள் பஞ்சு அடைத்துத்தான் நடந்தேன். காது குத்தியபோது போட்ட கம்மல், காதைவிடப் பெரியதாக இருந்ததற்குப் புகைப்பட ஆதாரமே இருக்கிறது. கேட்டால் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, "வளர்ற பொண்ணு" என்பார். நான் வளர்வதை நிறுத்திப் பல வருடம் ஆன பிறகும் அவர் நம்பிக்கை இழக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட நைனாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் நான் கேம் ஆட மானிட்டர் வாங்கப் போனேன். (புத்தி எங்கே போச்சு என்று கேட்காதீர்கள். சம்பளம் வந்த அன்றைக்குப் புத்தி பக்கத்தில் இருக்காது.)

எங்களுக்கு நகரியில் விசைத்தறி. லுங்கியும் துண்டும் நெய்வோம். நான் மட்டும் இன்ஜினியரிங் படித்து, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். வரும் சாமான் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு நூல் கூடினாலும் முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்புவேன். ஆபீசில் எனக்குக் கெட்ட பெயர். இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம், அளவு பற்றி நான் ஒன்றும் தெரியாதவள் என்று பின்னால் நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

குடியிருந்தது திருப்பதியில், ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. வயசுப் பெண்ணைத் தனியாக இருக்க விட்டதற்கு நைனாவின் முற்போக்கு மனசுதான் காரணம் என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்வேன். அது முழுப் பொய். எங்கள் சனம் நகரியிலிருந்தும் பாலசமுத்திரத்திலிருந்தும் மாசம் தவறாமல் மலைக்கு வரும். வந்தால் குளிக்க, பையை வைக்க, மொட்டை போட்டுக்கொண்டு வந்து கொஞ்சம் படுக்க ஓர் இடம் வேண்டும். லாட்ஜுக்குக் கொட்டுவதைவிட, திருப்பதியில் ஒரு பெண்ணைக் குடிவைப்பது சிக்கனம் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சாவி கூட என்னிடம் ஒன்றுதான், பெரியம்மாவிடம் ஒன்று.

ஆபீசில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தோம். அவரவர் வீட்டிலிருந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, எதிரில் இன்னொரு ஐந்து பேர் டீமோடு. தலைவன் ஹரீஷ். சித்தூர்க்காரன், தெலுங்கு வீடு, ஆனால் தமிழ் நன்றாகப் புரியும். ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்குள் ஒரு போட்டி அறிவித்தார்கள். டீமில் நான் ஒருத்திதான் பெண். அதில் எனக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத கர்வம் உண்டு. ஆனால் என்னுடையது, யாரோ கழித்துப் போட்ட சின்ன மானிட்டர். அதில் தூரத்து எதிரிகள் சர்க்கரை டப்பாவில் ஏறிய எறும்புகளாகத் தெரிவார்கள். அவர்கள் என்னைச் சுட்ட பிறகுதான் அவர்கள் இருந்த இடம் எனக்குத் தெரியும்.

ஹரீஷ் கோபக்காரன் இல்லை. அதனால்தான் அவன் சொன்னது வலித்தது. "பவானி, கிரண் சான்ஸ் கேட்டுக்கினே கீறான். நீ பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கிக்கோ. இல்லேன்னா ஃபைனலுக்குள்ள நான் ஏதாச்சும் யோசிக்கணும்."

கிரண் புதிதாகச் சேர்ந்தவன். கேன்டீனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் எப்படிச் செத்தேன் என்று மற்றவர்களுக்கு இட்லியை வைத்து விளக்குகிறவன். அவனுக்கு என் இடத்தைக் கொடுப்பதைவிட நான் வேலையையே விட்டிருப்பேன்.

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். வாரக்கணக்கில் வீடியோ பார்த்தேன். எவ்வளவு தள்ளி உட்காருகிறோமோ அதற்குத் தக்கபடிதான் திரை இருக்க வேண்டும், கை நீட்டித் தொடும் தூரத்தில் உட்கார்ந்தால் இருபத்தேழு இன்ச் போதும், கழுத்தைத் திருப்பாமல் நான்கு மூலையும் கண்ணில் பட வேண்டும் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இருபத்தேழு என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடையில் அந்த இருபத்தேழை எடுத்துக் காட்டினார்கள். நான் கும்பிடாத குறையாக நின்றேன். நைனா விலையைக் கேட்டார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்தார். வேர்வை துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை உதறி, மானிட்டர் மேல் போட்டார். மானிட்டர் காணாமல் போனது.

"நம்ம துண்டு பன்னாவே இத்த மூடிட்டு மிச்சம் கீது பாரு. இத்தினியூண்டுக்கா இம்மாந் துட்டு?"

பன்னா என்றால் துணியின் அகலம். எங்கள் வீட்டில் உலகத்தில் உள்ள சகலமும் பன்னாவில்தான் அளக்கப்படும். கட்டில், கதவு, ஒரு தடவை என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தோள்.

சேல்ஸ்மேன் தெலுங்கில் ஏதோ விளக்கப் பார்த்தான். நைனா சுத்தமான தெலுங்கில், நாளெல்லாம் துணி விற்கிறவனிடம் அளவு பற்றிப் பேசாதே என்று அவனை உட்கார வைத்தார். அடுத்து முப்பத்திரண்டு வந்தது. துண்டு அதையும் மூடியது, மயிரிழையில். அதற்குள் சேல்ஸ்மேனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்ச், பிக்சல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, உள்ளே போய் இரண்டு பேராக ஒரு நாற்பத்து மூன்று இன்ச்சைத் தூக்கிவந்தான். துண்டு விழுந்தது. இரண்டு பக்கமும் திரை வெளியே தெரிந்தது. நைனா கையைத் தட்டிக்கொண்டார்.

"இது சாமான்."

இந்த இடத்தில் ஒரு தரப் பரிசோதனை இன்ஜினியர் என்ன செய்திருக்க வேண்டும்? துண்டை நீளவாக்கில் போட்டால் கடையையே பாதி மூடலாம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் அது தேவலோகம். அதோடு, கிரண் வீட்டில் முப்பத்திரண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். வாரக்கணக்கான ஆராய்ச்சியை ஒரு நொடியில் காற்றில் விட்டேன். "பேக் பண்ணுங்க" என்று சொன்ன குரல் என்னுடையதுதான்.

ஆட்டோவில் நைனா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் பைக்கில் போனவர்கள் திட்டினார்கள். அவர் அதைப் பாராட்டு மாதிரி எடுத்துக்கொண்டார்.

மேசை மேல் வைத்ததும் சுவரில் பாதி மறைந்தது. போட்டோ எடுத்து டீம் குரூப்பில் போட்டேன். கீழே, 'இனி எவனும் தப்ப முடியாது' என்று வேறு எழுதினேன். (அதை அழித்துவிடலாமா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். கிரண் ஏற்கனவே படம் பிடித்து வைத்திருந்தான்.)

என் அறையின் அமைப்பைச் சொல்ல வேண்டும். சுவர், மேசை, நாற்காலி, அதன் முதுகில் இடிக்கிற மாதிரி கட்டில். நாற்காலியைப் பின்னால் நகர்த்த வழியே கிடையாது. அதாவது கடையில் ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்த்த தேவலோகத்தை, வீட்டில் ஒன்றரை அடியில் மூக்கு இடிக்கப் பார்த்தேன். ஆட்டத்தில் இடது மேல் மூலையில் ஒரு சின்ன மேப் இருக்கும். எதிரி எந்தப் பக்கம் என்று அதுதான் காட்டும். வலது கீழ் மூலையில் துப்பாக்கியில் எத்தனை குண்டு பாக்கி என்று ஓடும். மேப்பைப் பார்க்க இந்தப் பக்கம் முழுசாகத் திரும்ப வேண்டும். குண்டைப் பார்க்க அந்தப் பக்கம். தெருவைக் கடக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடுவில் வந்தால், நடுவில் நான் செத்துக் கிடப்பேன்.

கட்டிலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். மவுஸ் மெத்தையில் புதைந்தது. பெட்டி பிரித்ததைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு ஆபீஸ் போனேன். பழைய எறும்புத் திரையில் ஆடியதைவிடக் கேவலமாக ஆடினேன். முன்பு எதிரிகள் சின்னதாகத் தெரிந்தார்கள். இப்போது பிரமாண்டமாகத் தெரிந்தார்கள், பார்க்காத பக்கத்தில்.

நான் ஆடாமலிருந்தாலே ஜெயித்திருப்பார்கள் என்கிற நிலையில், மற்ற நாலு பேர் புண்ணியத்தில் டீம் எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டது. ஹரீஷ் கூப்பிட்டான். ஞாயிறு மதியம் ஃபைனல், முதல் பாதியில் நான் ஆடலாம், அப்படியே ஆடினால் இரண்டாம் பாதிக்குக் கிரண் வருவான், அப்புறம் அவன்தான் டீமில் என்றான். நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். ஒரு கேமுக்காக அழுவாளா என்று நினைப்பீர்கள். கேமுக்கு இல்லை, அந்தக் கேன்டீன் இட்லிக்கு.

ஞாயிறு மதியம் ஹெட்செட் மாட்டினேன். ஆட்டம் தொடங்கியது. அதை எல்லாக் கம்பெனிக்காரர்களும் பார்க்கும்படி நேரலையாக விட்டார்கள். நாங்கள் பேசிக்கொள்வதும் அதில் கேட்கும். மூன்றாவது ரவுண்டில் நான் செத்துக்கொண்டிருந்தபோது, கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

பெரியம்மா. பின்னால் நைனா. அவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் நிறையச் சனம், பாதிப் பேர் புது மொட்டை, சந்தனம் காயாமல். போன் பண்ணினார்களாம், நான் எடுக்கவில்லையாம். இரண்டு பையன்கள் நேரே என் கட்டிலில் ஏறினார்கள். பெரியம்மா லட்டுப் பையை என் தலைக்கு மேல் நீட்டி மேசையில் வைத்தார். பிறகு எல்லோரும் வரிசையாகக் கட்டிலிலும் தரையிலும் வாசற்படியிலும் உட்கார்ந்து, "டிவி நல்லா கீதே" என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பாலசமுத்திரத்தில் அவர் வீடு தெருமுனையில் இருக்கிறது. அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு யார் எந்தப் பையோடு வந்தார்கள், எத்தனை நேரம் கழித்து எந்த முகத்தோடு போனார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போனதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பார். அதைப் போய் வம்பு என்று சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அணைக்கவும் நேரமில்லை, என்னைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் என் வாழ்க்கை வரலாறு ஓடத் தொடங்கியது. என்னைப் பெண் கேட்ட வேலூர்ப் பையன் வீட்டில் பதிலே சொல்லவில்லை என்றார் நைனா. எப்படிச் சொல்வார்கள், பொண்ணு கம்ப்யூட்டரில் நாலு பேரைச் சுட்டுக்கினு கீதுன்னு யாரோ சொல்லிவிட்டார்கள் என்றார் பெரியம்மா. போன முறை வந்தபோது என் குறட்டையில் தனக்குத் தூக்கம் போச்சு என்று வாசற்படியிலிருந்து ஒரு மாமா சேர்த்துக்கொண்டார். அத்தனையும் ஸ்ரீசிட்டியின் சகல கம்பெனிகளுக்கும் நேரலையாகப் போனது. ஹெட்செட்டில் டீமில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

முதல் பாதி முடிய ஒரு ரவுண்டுதான் பாக்கி. கிரணைத் தயாராக இருக்கச் சொல்லி ஹரீஷ் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் பெரியம்மா, வேலூர்ப் பையனைப் பாதியில் விட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னார். "அடியே, அந்த நீல சொக்காக்காரன் இன்னாத்துக்கு செவுத்தாண்ட குந்திக்கினு கீறான்? எடது பக்கம். வந்ததுலேந்து பாக்கறேன், மூஞ்சே சரியில்ல."

கழுத்தைத் திருப்பினேன். இருந்தான். சுட்டேன். விழுந்தான்.

"இன்னொருத்தன் மேல ஏறிக்கினு கீறான்" என்றார் பெரியம்மா.

அவனையும் சுட்டேன். அந்த ரவுண்டை ஜெயித்தோம். ஹரீஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான். மைக்கை அணை என்று சொல்லப் போகிறான் என்று கை நீட்டினேன்.

"பவானி, நுவ்வு மாட்லாடொத்து" என்றான். அதாவது நீ வாயைத் திறக்காதே. "பெத்தம்மாவ பேச வுடு."

கிரண் வரவில்லை.

இரண்டாம் பாதியில் என் கட்டில் ஒரு போர்க்களக் கட்டுப்பாட்டு அறை ஆகிவிட்டது. அங்கே உட்கார்ந்தால் அந்த மானிட்டர் எவ்வளவு அருமையான மானிட்டர் என்று கேட்டுப் பாருங்கள். நாலு மூலையும் கண்ணில் படும். பெரியம்மா இடது பக்கத்தை எடுத்துக்கொண்டார். வலது கீழ் மூலையில் எண் குறைந்துகொண்டே வருவதை நைனா கவனித்துவிட்டார். தறியில் நூல் தீர்வதைப் பார்க்கிற பதற்றத்தோடு, தீரப்போவுது தீரப்போவுது என்று முன்கூட்டியே சொன்னார். மொட்டைப் பையன்கள் மேப்பில் சிவப்புப் புள்ளி வந்தால் கத்தினார்கள். நான் நேரே மட்டும் பார்த்தேன். அந்த மானிட்டர் வந்த பிறகு முதல் தடவையாக எனக்குக் கழுத்து வலிக்கவில்லை.

எதிர் டீம்காரன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுத்தான். அந்தப் பக்கம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டான். நடத்துகிறவர்கள் கலந்து பேசினார்கள். அவர்கள் பார்ப்பது அந்தப் பெண்ணின் திரையைத்தான், உங்கள் திரையை இல்லையே, வீட்டில் சொந்தக்காரர் இருக்கக் கூடாது என்று ரூலில் எங்கும் இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அந்த இடைவேளையில் எல்லோருக்கும் லட்டு பிட்டுக் கொடுத்தார்.

கடைசி ரவுண்டு. இரண்டு டீமும் சமம். எங்கள் பக்கம் நாலு பேரும் போய், நான் மட்டும் மிச்சம். அவர்கள் பக்கம் இருவர்.

"மேஜ மாதிரி ஒண்ணு கீது பாரு. அதுக்குக் கீய கால் தெரியுது" என்றார் பெரியம்மா. குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டு விஷயம் சொல்கிற மாதிரியே. காலைச் சுட்டேன். ஒருவன் போனான்.

"நைனா?" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு தான் கீது. மாத்திக்கோ."

மாற்றினேன். மாற்றி முடித்த நொடியில் கடைசி ஆள் கதவை உடைத்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே, நாற்பத்து மூன்று இன்ச் முழுதும் நிறைந்து நின்றான். இவ்வளவு பெரிய ஆளைத் தவறவிட என்னால்கூட முடியாது. மாற்றிய குண்டு அத்தனையையும் அவன் மேல் கொட்டினேன்.

ஹெட்செட்டில் ஹரீஷ் கத்தியது தெலுங்கா தமிழா என்று இன்றுவரை தெரியவில்லை. கட்டிலில் கத்தியது தமிழ்தான், எதிர் போர்ஷன்காரர்கள் ஓடி வந்தார்கள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அன்னிக்கே சொல்லல, இது சாமான்னு?" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, இந்த முறை சந்தோஷமாகவே அழுதேன்.

மறுநாள் கேன்டீனில் கிரண் வேறு மேசையில் உட்கார்ந்தான். ஆபீசில் சில காலம் என்னை 'வேலூர்' என்று கூப்பிட்டார்கள், அதைப் பொறுத்துக்கொண்டேன். குறட்டை பற்றிக் கேட்டவர்களையும் பொறுத்துக்கொண்டேன். கோப்பையோடு எடுத்த படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். இன்றும் அந்த டீமில்தான் ஆடுகிறேன். அறை மாறியபோது முதல் வேலையாக மேசையைத் தள்ளிப் போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், டேப்பால் அளந்து.

அடுத்த வருடப் போட்டிக்கான ரூல் வந்தது. புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஆடுகிறவரின் அறையில் வேறு எவரும், குறிப்பாக உறவினர்கள், இருக்கக் கூடாது. ஸ்ரீசிட்டி முழுக்க அதற்குப் 'பெத்தம்மா ரூல்' என்றுதான் பெயர். புதிதாகச் சேரும் பிள்ளைகள்கூட யார் அந்தப் பெத்தம்மா என்று தெரியாமலே அப்படிச் சொல்கிறார்கள்.

பெரியம்மாவிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று கொஞ்ச நாள் மறைத்தேன். கார்வேட்டிநகரத்தில் ஒரு கல்யாணத்தில் மாமா போட்டு உடைத்துவிட்டார். பந்தியில் கை நனைத்த பெரியம்மா, அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து எந்தக் கல்யாணமானாலும், எந்தப் பந்தியானாலும், பக்கத்தில் உட்கார்ந்தவர் அறிந்தவரோ அறியாதவரோ, பாயசம் வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். என்னையும் மானிட்டரையும் அவர் ரெண்டே வரியில் முடித்துவிடுவார். கடைசியை மட்டும் நிதானமாக, இலையிலிருந்து கண்ணை எடுத்துச் சொல்வார்.

"கம்பெனிக்காரனுங்கோ எனுக்கோசரம் சட்டம் போட்டானுங்கோ. சட்டம்னா சொம்மாவா போடுவானுங்கோ? பயந்தாதான் போடுவானுங்கோ."